சீல் பிரிக்காத இன்ஹேலர்

ஹனீனோட அத்தாவுக்கு,

நான் மேருவுல போடற ரமலான் பாசாருக்கு வடை விக்கப் போறேன். நோன்புக் கஞ்சி ரைஸ் குக்கர்ல சூடா இருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கிடாதீங்க. போன வாரம் மாதிரி என்னால வாசல்ல நிக்க முடியாது.

துவைக்கலாம்னு உங்க தொப்பியை எடுத்தேன். அதுக்குப் பின்னாடி இன்ஹேலர் பெட்டி இருந்துச்சு, சீல் கூடப் பிரிக்காம. நேத்து டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? "டெய்லி எடுக்கறேன் டாக்டர், ஆனா இருமல் கேக்க மாட்டேங்குது." அதை நம்பி அந்த மனுஷன் மருந்தைக் கூட்டி எழுதிட்டார். ஹார்ட் டெஸ்டுக்கும் தேதி குடுத்தார். "இருமலுக்கு எதுக்குலா ஹார்ட் டாக்டர்?"னு வீடு வர்ற வரைக்கும் சிரிச்சீங்க. நுரையீரல்ல இருக்கற அழற்சி அங்கயே நிக்காது, ரத்தத்தோட போய் இதயத்துக் குழாயையும் கெடுக்கும்னு அவர் சொன்னது உங்க காதுல ஏறவே இல்ல.

கேட்டா நோன்பு முறிஞ்சிடும்பீங்க. விடியறதுக்கு முன்னாடி சஹர் நேரத்துலயும் நோன்பு திறந்த பிறகும் எடுத்தாப் போதும்னு அவரே சொன்னாரே. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழத்துக்கு முன்னாடி உங்க வாய்க்குப் போறது சிகரெட்டு. பழியை நோன்பு மேல போடாதீங்க.

பெட்டியைப் பேரீச்சம்பழத் தட்டுலயே வச்சிருக்கேன்.

ரம்லத்

லைட்டரைத் தேடாதீங்க, என் பையில இருக்கு.

இன்னொண்ணு. ராத்திரி தராவீஹ் தொழப் போறப்ப பள்ளிவாசல் ஹஸ்ரத்துகிட்ட கேட்டுட்டு வாங்க. இன்ஹேலர் எடுத்தா நோன்பு முறியுமான்னு இல்ல. நோன்போட உக்காந்து டாக்டர் முகத்தைப் பாத்துப் பொய் சொன்னா, அந்த நோன்பு என்ன ஆகும்னு.