வெந்நீர்க் குட்டைப் பவளம்

கண்டாவு தீவு, பிஜி
பிப்ரவரி 6

செராவின் அப்பாவுக்கு,

செராவும் நானும் சுகம். நீங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். புயலில் விழுந்த செல்போன் டவரை இன்னும் நிறுத்தவில்லை. அதனால் இதைப் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவை நல்லபடியாக அடக்கம் செய்தோம். உங்கள் இடம்தான் காலியாக இருந்தது. வழக்கப்படி, இறந்தவருக்கு மரியாதையாக, நம் வீட்டு முன் கடலில் யாரும் இறங்கக் கூடாதென்று நூறு இரவுக்கு மூடிவிட்டார்கள். மீன் பெருகும் என்று ஊருக்கே சந்தோஷம். நான் கடலடியில் நட்டு வளர்க்கும் பவளக் கன்றுகளும் கம்பி மேசைகளோடு அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீராக இருக்கிறது. கன்றுகள் வெளிறத் தொடங்கிவிட்டன. மேசைகளை ஆழத்துக்கு இறக்கினால் பிழைக்கும். நானோ கால்கூட நனைக்கக் கூடாது.

உங்கள் சித்தப்பாவிடம் கெஞ்சினேன். "மூத்த மவன் வந்து மரியாதைக்கு யங்கோனா வேர முன்னால வெச்சுக் கேட்டா தொறக்கலாம். மருமவ கேட்டா எப்படிம்மா?" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்
லவேனியா

குவீன்ஸ்லாந்து
பிப்ரவரி 20

அன்புள்ள லவேனியா,

அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கவே விடாத தோட்ட முதலாளி, பவளத்துக்கா விடுவான்? சீசன் நடுவில் கிளம்பினால் மறுபடி கூப்பிட மாட்டான். கண்ணை மூடினாலும் தக்காளிதான் தெரிகிறது.

நீ மட்டும் தண்ணீரில் இறங்கிவிடாதே. அப்புறம் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. பவளம்தானே, மறுபடி நட்டுக்கொள்ளலாம். அலையாத்திக் காட்டுக் குட்டையிலிருந்து நீ சுமந்து வந்தாயே, அந்தச் சோம்பேறிகள் போனால் போகட்டும். ஒரு வருஷமாக நகத்தளவுகூட வளரவில்லை.

செராவுக்கு முத்தம்.

இசிகேலி

கண்டாவு
மே 11

இசிகேலிக்கு,

நூறு இரவும் முடிந்து விருந்து வைத்தோம். வலை கொள்ளாத மீன். நான் சாப்பிடாமல் மேசைகளைப் பார்க்கப் போனேன்.

வெளிக்கடலிலிருந்து எடுத்து நட்டவை, கிளைகிளையாக வளர்ந்தவை, எல்லாம் செத்துப் பாசி பிடித்துக் கிடந்தன. தண்ணீருக்குள்ளேயே அழுதேன். உங்கள் சோம்பேறிகள் மட்டும் பழுப்பு நிறம் வெளிறாமல் இருந்தன. குட்டையில் நீர் வற்றும்போதெல்லாம் வெந்து பழகியவை. உயிரைப் பிடித்துக்கொள்ளவே தெம்பெல்லாம் போய்விட்டால், வளர என்ன மிச்சம் இருக்கும்? இனி அவற்றையே உடைத்து உடைத்து நடப்போகிறேன்.

நீங்கள் இன்னும் இரண்டு வருஷத் தோட்ட வேலைக்குக் கையெழுத்துப் போட்டதைப் படகுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அதுவும் இல்லை. "அப்பா எப்ப வருவாரு?" என்று செராவும் கேட்பதில்லை. வாருங்கள் என்று இனி எழுத மாட்டேன்.

நேற்று டவரை நிறுத்திவிட்டார்கள். என் நம்பர் பழையதுதான். மணி அடித்தால் எடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

லவேனியா