சாவி எடுத்த பிறகும்

இன்று காலை உன் மகள் தன் புதுக் காரில் என்னைக் கோயிலுக்கு ஏற்றிப் போனாள். மின்சாரக் கார். வாசலில் நிறுத்திப் பொத்தானை அழுத்தியதும் ஒரு முனகல்கூட இல்லாமல் அடங்கிவிட்டது. ஆனால் அவளும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. எதற்காகக் காத்திருந்தோம் என்பது உனக்குத்தான் தெரியும், மச்சான்.

தொண்ணூறுகளில், லண்டன் ஸ்ட்ரெதமில் நாம் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தபோது, அந்த நீல நிற ஜப்பான் வேகன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாய். எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ பழுதாகிப் போயிருந்தது. பிரேக் அலறியது. பின்கதவின் அடியெல்லாம் துரு.

"இதுக்கு ஒரு வேன் எடுத்திருக்கலாமே" என்று ஏசினேன்.

"வேன் வேலைக்கு. இது வீட்டுக்கு" என்றாய்.

யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்கும், நீ புறப்பட்ட பின் பிறந்த மகளுக்கும் விசா கிடைக்கும் என்று நம்பி வாங்கியது அது. பெட்டி படுக்கையோடு அவர்களை ஹீத்ரோவிலிருந்து ஏற்றி வரவேண்டும், அதுவும் வழியில் எல்லாரையும் முந்திக்கொண்டு. இந்த ஆசையைச் சொல்ல உனக்குக் கொஞ்சமும் வெட்கம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் உடைக்கும் யார்டுகளில் அலைந்து இன்னொரு டர்போ தேடினோம். பெரிய பிரேக்குகளாக மாற்றினோம். எனக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு குறை சொல்லும் வேலை. கடைசியாக ஸ்டியரிங்கின் கீழே ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டினாய். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, தானாகவே நிறுத்தும் டைமர்.

"ஓடின சூட்டோட நிப்பாட்டினா டர்போவுக்கை எண்ணெய் தீஞ்சுபோகும். ஆறட்டும்" என்றாய்.

பூசைக்குக் கோயிலடிக்குக் கொண்டுபோனோம். நீ சாவியை எடுத்ததும், சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த ஐயர், குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். "தம்பி, சாவி உம்மட கையிலை. அப்ப ஆர் ஓட்டுறது?" அவர் பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை நினைத்து வீடு வரும்வரை சிரித்தோம்.

விசா வந்தது. அவர்கள் கொழும்பில் விமானத்துக்குக் காத்திருந்த கிழமையில், பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். ஆம்புலன்ஸ் வந்தும் பயனில்லை. உன்மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஹீத்ரோவுக்கு நான்தான் போனேன், உன் காரில். புது வீட்டுக்கு வரவேண்டியவர்கள் செத்தவீட்டுக்கு வந்து இறங்கினார்கள். பின் இருக்கையில் உன் மனைவியும் மகளும். வழியில் நான் யாரையும் முந்தவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மகள் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "மாமா, ஆர் ஓட்டுறது?"

ஐயர் கேட்ட அதே கேள்வி. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அப்பா பூட்டின சாமான், பிள்ளை. தானா நிக்கும்."

கதவைத் திறக்கப் போன உன் மனைவி கையை எடுத்துவிட்டார். "நிக்கும்வரைக்கும் இருப்பம், அண்ணை" என்றார். இருந்தோம். இருக்கைக்குக் கீழே உன் எஞ்சின் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. விமான நிலையத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

வேகனைத் துரு தின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. எந்தக் காரிலிருந்தும் உடனே இறங்க எனக்கு இன்றுவரை ஏலாது. உன் மகளுக்கும் அதே பழக்கம். இன்று காலைதான் முதல்முறையாகக் கேட்டேன். "இதிலை எஞ்சினே இல்லை. ஏன் பிள்ளை இருக்கிறாய்?"

அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஆறட்டும், மாமா" என்றாள்.

உன்னுடைய அந்தச் சொல்லை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.