நாலு மணி அரிப்பு

7.9.81, திங்கள்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. புது டாக்டர் சொன்னபடி இன்று முதல் இந்த நோட்டு. எப்போது அரிக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எல்லாம் எழுத வேண்டுமாம். "தோல்ல ஒண்ணுமே இல்லம்மா" என்கிறார். அப்புறம் எதற்கு அரிக்கிறதாம்?

ஆடியில் என் வீட்டுக்காரர் ஓட்டி வந்த ஜீப்பு, குரங்கணி மலை வளைவில் சறுக்கி மரத்தில் தட்டி நின்றது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே எனக்கு அரிப்பு ஆரம்பம். இவர் தீர்ப்பு: ஏலக்காய்த் தூசி, இல்லாவிட்டால் காணாக்கடி, கண்ணில் படாத பூச்சி ஏதோ கடித்ததாம். வேப்பிலை அடித்தாயிற்று, மந்திரித்தாயிற்று. இப்போது உப்பில்லாப் பத்தியம். ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போகவும் தடை. சீசன் நேரத்தில்! என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

மாலை 4. கை, கழுத்து. ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

9.9.81, புதன்
கொஞ்சம் வெயில். உப்பில்லாத பீர்க்கங்காய். இவரும் அதையே சாப்பிடுகிறார். "ஒனக்கில்லாத உப்பு எனக்கு எதுக்கு?" முகம் மட்டும் கஷாயம் குடித்த மாதிரி. சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மனுஷனை எப்படித் திட்டுவது?

மாலை 4. முதுகு. சும்மாதான் இருந்தேன். ஜீப்பு வர ஐந்தரை. வந்ததும் அரிப்பு நின்றது.

10.9.81, வியாழன்
இவர் லோடு ஏற்ற மலைக்கு. நான் கடைக்கு. திருட்டுத்தனம்தான்! கூடப் பொறுக்கும் பாண்டியம்மா முறத்தைத் தள்ளினாள். "வாடி மகராசி, காணாக்கடி கடிச்சது போதுமா?" பச்சை தனி, வெடித்தது தனி, சருகு தனி. கை தன்னால் ஓடியது. பாண்டியம்மா அவள் சம்பந்தி மாதிரியே நடந்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரிப்பு. நாலு மணி போனதே தெரியவில்லை. ஒரு தடவைகூட அரிக்கவில்லை!

ஓடிவந்து தலை நனைக்காமல் மேலுக்குக் குளித்தேன். இவரிடம் சொல்லவில்லை.

12.9.81, சனி
டாக்டரிடம். இவரும் கூட. டாக்டர் நோட்டை வாங்கிச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமையைக் கிழிக்க மறந்தேனே, பாவி! தரையைப் பார்த்தபடி நின்றேன்.

இவர் சொன்னார்: "தெரியும் சார். அன்னிக்கு இவ தலைமுடியே ஏலக்காயா மணந்துச்சு. இவளாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

"அதென்னம்மா நாலு மணி?" என்றார் டாக்டர்.

"இவுக மலைய விட்டு எறங்குற நேரம் சார்." சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அழுதுவிட்டேன்.

"அந்தப் பயந்தாம்மா அரிக்குது. தூசியுமில்ல, கடியுமில்ல. சோலிக்குப் போங்க, உப்புப் போட்டுச் சாப்பிடுங்க."

இவர் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். உப்புக்காகத்தான்! வழியிலேயே கருவாடு வாங்கினோம்.

"திங்கக்கெழம நானே ஒன்னயக் கடையில எறக்கி விடுறேன். மலையெறங்கி வந்ததும் கடை முன்னாடி ரெண்டு ஆரன் அடிக்கிறேன். போதுமா, புள்ள?"

போதும்.

14.9.81, திங்கள்
மழை. கடையில் என் இடம் அப்படியே. பாண்டியம்மா சாக்கு விரித்துப் பிடித்து வைத்திருந்தாள். தங்கம்!

நாலு மணிக்குக் கழுத்தில் லேசாக. பொறுக்கிக்கொண்டே இருந்தேன். நாலரை. ஐந்து. மழை வலுத்தது. கை கழுத்துக்குப் போனது.

வாசலில் ரெண்டு ஆரன்.

மொத்தக் கடையும் கத்தியது: "ஏடி, ஒன் மருந்து வந்துருச்சு!"