முந்திரிக்கொத்து ஏலம்

அக்டோபர், ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அத்தைக்கு,

டார்லின் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் நான் சொல்வது உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது. நான் கத்திப் பேசினால் காதில் வைத்திருக்கும் மெஷின் கீச்சிடுகிறது என்று போனைப் பக்கத்து வீட்டு ஜனாபா அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஜனாபா அக்கா தங்கமானவர்கள்தான். ஆனாலும் எல்லாவற்றையும் அவர்கள் வழியாகச் சொல்ல முடியுமா? அதனால்தான் கடிதம். என்னோடு வேலை பார்க்கும் கோட்டயத்துக்காரி ஷைனி லீவில் ஊருக்குப் போகிறாள். அங்கிருந்து கூரியரில் போடுவாள். உங்கள் பதிலை அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் திரும்பும்போது கொண்டு வந்துவிடுவாள்.

தீவு எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கரீபியன் கடல் என்றதும் எல்லாரும் பச்சைப்பசேல் என்று நினைக்கிறார்கள். இது அப்படி இல்லை. நம் ராதாபுரம் பக்கத்து உடங்காட்டைத் தூக்கிக் கடலுக்கு நடுவில் வைத்த மாதிரி இருக்கும். முள்ளும் கள்ளியும், எங்கே பார்த்தாலும் ஆடும். காலையில் பஸ் ஏறினால் முழுத் தீவையும் சுற்றிவிட்டு மத்தியானத்துக்குள் ஏறின இடத்திலேயே இறங்கிவிடலாம். அதிலும் பாதி நேரம், எதிரே வருகிறவர்களிடம் டிரைவர் வண்டியை நிறுத்திக் கதை பேசுவதற்கே போய்விடும். யாரும் முகம் சுளிப்பதில்லை. உள்ளே இருக்கிறவர்களும் சேர்ந்து பேசுகிறார்கள்.

பெரிய தீவிலிருந்து கப்பல் வந்தால்தான் வெங்காயம், முட்டை, சிலிண்டர் எல்லாம். போன வாரம் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவில்லை. வெங்காயம் இல்லாமல் என்ன சமைப்பது என்று விழித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மா சீமைப்பலாக் காய் ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டுப் பொரியல் செய்தேன். உங்கள் கைப்பக்குவம் வரவில்லை, ஆனால் சட்டி காலி.

காலையில் வானொலி கேட்காமல் இங்கே ஒருவரும் வேலையைத் தொடங்குவதில்லை. முதலில் யார் யார் இறந்தார்கள், அப்புறம் யார் யாருக்குப் பிறந்தநாள், அப்புறம் கப்பல் வருமா வராதா, கடைசியில் யாருடைய ஆடு காணாமல் போனது. ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதையும் வானொலியில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சமையலறை முழுக்க சூப்புப் பானை. எது யார் வீட்டுப் பானை என்று விசாரித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் காய்ச்சலே தேவலை என்றாகிவிட்டது.

வேலை கடினம் இல்லை. ஒரே ஒரு டாக்டர், நர்சுகள் நாங்கள் கொஞ்சம் பேர். பெரிய நோய் என்றால் படகில் ஏற்றிப் பெரிய தீவுக்கு அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் பெயர் ஆல்வின். தீயணைப்பு வண்டியும் அவர்தான். சின்ன விமானம் இறங்குவதற்கு முன்னால் ஓடுபாதையில் ஆடு நிற்கிறதா என்று பார்த்து விரட்டுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பதும் அவரே. ஆள் இல்லாத ஊரில் ஒருவர் நாலு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. நோயாளியைத் தூக்கும்போது பேசிக்கொண்டே தூக்குவார். வலிக்கிறது என்று சொல்ல அவர்களுக்கே மறந்துவிடும்.

போன மாதம் இங்கே அறுப்பின் பண்டிகை. அத்தை, நம் ஊர் மாதிரியே பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, கோழி எல்லாம் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறார்கள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் முந்திரிக்கொத்து செய்துகொண்டு போயிருந்தேன். பாசிப்பயறு பெரிய தீவில் கிடைத்தது. வெல்லம் மாதிரி ஏதோ ஒன்று கிடைத்தது. பாகு பதம் கொஞ்சம் முறுகிவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஏலம் விட்டது மீன் விற்கிற அம்மா ஒருவர். நல்ல குரல். என் தட்டைத் தூக்கிக் காட்டியதும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஆல்வின் உள்ளே வந்தார். ஆராதனைக்கு வாசித்துவிட்டு, எங்கோ புல் பற்றி எரிகிறது என்று போயிருந்தார். பூட்சைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தவர், வந்ததும் கையைத் தூக்கினார். தலைமையாசிரியர் ஏற்றினார், இவரும் ஏற்றினார். வாத்தியார் வேண்டுமென்றே சிரித்துக்கொண்டு இன்னும் ஏற்றினார். இவர் கையைக் கீழே போடவே இல்லை. மீன்கார அம்மா ஏலத்தை நிறுத்திவிட்டு, “தட்டில் என்ன இருக்கிறது என்றாவது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள். அவர், “தெரியாது. நர்ஸ் செய்தது” என்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு. பாதிரியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் வானொலியில் பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் பல் நலமாக இருக்கிறதா என்று நேயர்கள் விசாரிக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவ்வளவு முறுகலாகவா இருந்தது!

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய்த் துணியெல்லாம் மடித்து வைத்தேன். இனி எழுத வேண்டியதுதான் எழுத வரவில்லை.

அவர் தட்டைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். மனைவி புற்றுநோயில் இறந்து எட்டு வருஷமாகிறது. ஒரே மகள், பெரிய தீவில் ஆசிரியை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் குடிப்பாராம், அதையும் அவரே சொல்லிவிட்டார். அப்புறம் என்னைக் கேட்டார். என்ன கேட்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றேன். அப்பா அம்மா இல்லை, ஹாஸ்டலில் வளர்ந்தேன் என்றுதானே சொன்னாய் என்று கேட்டார். பாளையங்கோட்டையில் ஒரு அம்மா இருக்கிறார்கள் என்றேன். மாமியார் என்பதற்கு அவர்கள் பாஷையில் இருக்கிற சொல் ரொம்ப நீளம், வாயில் வரவில்லை. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. “அப்படியானால் நல்லபடியாகக் கேள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் மகன் ஜெய்சனை நான் மறக்கவில்லை அத்தை. அவரைப் பற்றி ஆல்வினிடம் பேசுகிறேன். அவரும் தன் மனைவியைப் பற்றிப் பேசுகிறார். முதல் முதலில் நாங்கள் பேச ஆரம்பித்ததே அதில்தான்.

என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், முடிந்த அன்றே புறப்பட்டு வந்துவிடுவேன். பழையபடி நாம் இரண்டு பேரும் இருப்போம். அதிலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்களைத் தனியாக விட்டுவிட்டு எனக்கு ஒன்றும் வேண்டாம். இதை மட்டும் நம்புங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். எதுவானாலும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள்
டார்லின்

*

பாளையங்கோட்டை
நவம்பர்

என் அருமை மகள் டார்லினுக்கு,

தேவமணி எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நடமாட்டமாக இருக்கிறேன். முழங்கால் மழைக்கு முன்னால் வலித்தது, மழை வந்ததும் விட்டுவிட்டது.

இந்த வருஷம் நல்ல மழை. பாபநாசம் அணையைத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. குறுக்குத்துறைப் பக்கம் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பிசான நெல் நடவு எல்லா இடத்திலும் ஆரம்பித்துவிட்டது. நம் சபையில் அசன விருந்து நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஃபெபி டீச்சர் இரண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கினார்கள். டவுணுக்குப் போய் உனக்கு அல்வா வாங்கி ஷைனி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் வழியிலேயே தின்றுவிடாமல் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தில் ஆம்புலன்ஸ்காரர் பெயர் வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாராவது டிரைவரைப் பற்றி அவ்வளவு எழுதுவார்களா? மேற்கொண்டு படிக்காமல் மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். கோபம் கோபமாக வந்தது. உன்மேல் இல்லை. ஜெய்சன்மேல். பைக்கைப் பைய ஓட்டுலே, பைய ஓட்டுலே என்று எத்தனை தரம் அவனிடம் சொல்லியிருப்பேன்! கேட்டானா? கொஞ்சம் அழுதேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். அப்புறம் வந்து உட்கார்ந்து மீதியைப் படித்தேன். மீன்காரி கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதிலைப் படித்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சத்தம் கேட்டு ஜனாபா வந்துவிட்டாள். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ கோபித்துக்கொள்ளாதே.

குடும்பத்தில் பெரியவர் என்று உன் சின்ன மாமா ஜேசுதாசன்தானே இருக்கிறார். அவரை ராதாபுரத்திலிருந்து வரச்சொல்லி நானே சொன்னேன். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

“மைனி, ஊர்ல என்ன பேசுவாவ? மருமவளுக்கு மாமியாரே மாப்ள பாத்தான்னு சொல்ல மாட்டாவளா?” என்றார்.

“நான் எங்க பாத்தேன்? அவளே பாத்துக்கிட்டா. நான் சரின்னுதான் சொல்லுதேன். மருமவளா வந்தா, இப்ப மவளா இருக்கா. மவளக் கெட்டிக் குடுக்காம யாரு வீட்டுல வச்சிருப்பா?” என்றேன்.

அவர் விடாமல், “அந்த ஊர்க்காரவ நல்ல கறுப்பா இருப்பாவளே” என்றார்.

ஜனாபா அடுப்படியிலிருந்தே, “ஏன் அண்ணாச்சி, நீங்க என்ன வெள்ளக்காரரா?” என்று கேட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபியைக் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, “ஆல்வின்னு பேரக் கேட்டா நம்ம நாசரேத்துக்காரன் மாதிரிலா இருக்கு. சரி மைனி, ஆகட்டும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார். மனசார இல்லை, ஆனாலும் சொன்னார். அது போதும்.

அடுத்த நாள் குருவானவரைப் போய்ப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சபையில் பெயரை வாசிக்கிற ஓலையை அங்கே உங்கள் கோயிலில் வாசித்தாலும், நம் கோயிலிலும் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். வாசிக்கலாம் என்றார். பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, “பெண்ணை எப்படிம்மா குறிப்பிடணும்? காலஞ்சென்ற ஜெய்சனின் மனைவின்னு எழுதவா?” என்று கேட்டார்.

“அதையும் எழுதுங்க ஐயா. என் மவன் பேரு விட்டுப்போகக் கூடாது. ஆனா அதுக்கு முன்னால, தேவமணியின் மகள்னு எழுதுங்க” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசுதான், எபி என்று பெயர், புதிதாக வந்திருக்கிறார். “சரிம்மா, அப்படியே வாசிக்கேன்” என்றார். இன்னும் வாசிக்கவில்லை. நீ தேதி சொன்னதும் வாசிப்பார்.

இனிமேல் என்னை அத்தை என்று எழுதாதே. நீ அவரிடம் சொன்ன சொல்லையே எனக்கும் எழுது.

சில காரியங்களை நான் கேட்டாக வேண்டும். அவர் மகளிடம் சொல்லியாகிவிட்டதா? அவள் முகம் வாடாமல் பார்த்துக்கொள். தாயில்லாத பிள்ளை என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் நாலு வேலை பார்க்கிறார் என்கிறாய், சாப்பிட நேரம் இருக்கிறதா? அரிசிச் சோறு சாப்பிடுவாரா? இங்கே வந்தால் பேச்சுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். எனக்குத்தான் எந்தப் பாஷையும் பாதிதான் கேட்கிறதே, அதனால் கஷ்டம் இல்லை.

நீ மார்ச்சில் வருவாய் என்று உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருந்தேன். அது நடக்கட்டும். சின்னக் கட்டிலை மட்டும் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும், அதையும் ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வராத ஊருக்கு நான் எங்கே வர! முடிந்ததும் இரண்டு பேருமாகப் புறப்பட்டு வாருங்கள். அதற்கப்புறம் அங்கே நிலையாகத் தங்குவதானாலும் தங்கு. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஜனாபா இருக்கிறாள், சபை இருக்கிறது, எனக்கென்ன.

உன் கையின் பிரயாசத்தை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அந்த வீட்டில் நீ சிரிக்கிற சத்தம் குறையாமல் இருக்கட்டும். அவருக்கு என் ஸ்தோத்திரம் சொல்லு.

வரும்போது மட்டும், ரொம்ப நாள் இருக்கிற மாதிரி லீவு எடுத்துக்கொண்டு வா.

உன் அம்மா
தேவமணி