கைக் கிளட்ச்

ஞாயிறு, காலை

என் வீட்டுக்காரருக்கு,

நானும் சின்னவளும் சுகம். அங்கே ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொல்லும் அளவுக்கு நீங்கள் தேறிவிட்டதாக நர்ஸம்மா சொன்னார். நிம்மதியாக இருந்தது. போனில் நான் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டு "ம்" சொன்னால் என் காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய ஆள் நம் ஜீப்பை விலைக்குப் பார்க்க வந்திருந்தார். உட்காரவைத்து, டீ கொடுத்து, வண்டியைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மழை பெய்தால் ஓட்டுகிறவரின் வலது தொடையில் மட்டும் ஒழுகும் என்றேன். பின்கதவைத் திறக்க ஓர் உதை, மூட இரண்டு உதை என்றேன். மேடு ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும், பக்கத்தில் உட்காருகிறவர் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டே வரவேண்டும், இத்தனை வருடமாக அந்த உத்தியோகம் என்னுடையது என்றேன். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். டீயைப் பாதிதான் குடித்தார். இனி இந்தத் தெருப்பக்கமே வரமாட்டார்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டிக்கு ஆள் பார்த்தது கோபம்தான். ஆனால் அதற்கு மறுநாள் அண்ணியிடமிருந்து போன் வந்தது பாருங்கள், அப்போதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தம்பி அங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்கே வந்துடறேங்கறான். கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு. உங்கிட்ட சொல்லிட்டான்ல?" என்றார். "சொன்னார் அண்ணி" என்றேன். உங்கள் அக்காவே ஆனாலும் உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னீர்களாம். இருபத்தைந்து வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவளிடம் சொல்லாமல், அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று, கிளட்ச் மிதிக்க இடது கால் இல்லாதவனுக்கு வண்டி எதுக்கு என்றீர்கள். அப்போது நான் பதில் பேசவில்லை. டாக்டர் எதிரே நின்றார். இப்போது பேசுகிறேன்.

கல்யாணமான புதிதில், மலைத்தோட்டத்தில் ஒரு பம்ப்பை ரிப்பேர் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஓடைக்கு நடுவில் வண்டி இருமி நின்றுவிட்டது. தண்ணீர் கதவுவரை வந்துவிட்டது. என்னைக் கரையில் கொண்டுபோய் விடுங்கள் என்று கெஞ்சினேன். வண்டியைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது என்றீர்கள், உள்ளபடியே கவலையோடு. தண்ணீர் வடியும்வரை இரண்டு பேரும் கூரைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். அன்றைக்கே தெரிந்துகொண்டேன், எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள் என்று. அடுத்த வாரமே அவளுக்கு எஞ்சின் மூக்கிலிருந்து கூரைவரை மூச்சுக்குழாய் பொருத்தினீர்கள். எனக்குக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தரத்தான் இரண்டு வருடம் ஆயிற்று.

அதோடு விட்டீர்களா? பெரியவள் வயிற்றில் இருந்தபோதுதான் வண்டியை உயர்த்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியது. பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்து, பெரிய டயர் மாட்டி, அது இடிக்கிறதென்று சக்கரத்துக்கு மேல் தகட்டை வெட்டி... ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் ஒரு ஸ்டூலோடு போனேன். வண்டியின் தெர்மோஸ்டாட் சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க என் பால் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தீர்களே, அந்தப் பாத்திரத்தில் இன்றைக்கும் டீசல் வாசனை போகவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அதெல்லாம் எவ்வளவு நல்ல நாட்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே இருந்துவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். வண்டியை நான் பிரித்துவிட்டேன். சீட்டைக் கழற்றி வராந்தாவில் போட்டிருக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் லேத் வைத்திருக்கிறாரே, உங்களோடு கட்சி பேசிச் சண்டை போடுவாரே, அவரை வரச்சொல்லியிருக்கிறேன். கிளட்ச்சைக் காலிலிருந்து கைக்கு மாற்றப்போகிறோம். முடியாது என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள். எழுதவாவது செய்வீர்கள்.

மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
உங்கள் வீட்டுக்காரி


வெள்ளி

என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்ததா என்று கேட்டதற்கும் "ம்"தானா? போகட்டும்.

வேலை நடக்கிறது. லேத்துக்காரர் முதல் நாள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல அவர் கை படாத இடமே இல்லையேம்மா" என்றார். நீங்கள் செய்த வெல்டிங்கை மட்டும் குறை சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அது இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது, உங்களுடையது தாங்குகிறதா பார்க்கலாம் என்றேன். அதிலிருந்து என்னிடம் கொஞ்சம் அடக்கமாகப் பேசுகிறார்.

முதலில் நாங்கள் போட்ட திட்டம் எளிது. சீட்டுக்கு இடது பக்கத்தில், கைப்பிரேக் மாதிரி நீளமாக ஒரு லீவர். அதை இழுத்தால் ஒரு கம்பி கிளட்ச் பெடலைக் கீழே இழுக்கும். இரண்டு நாளில் செய்து மாட்டிவிட்டோம். இழுத்தால் பெடல் தானாகக் கீழே போனது. சின்னவள் கைதட்டினாள். நானும் பெருமையாகத்தான் நின்றேன்.

பிறகு, ஓட்டிப் பார்க்காமல் உங்களிடம் சொல்லக்கூடாது என்று நான் ஏறி உட்கார்ந்தேன். இடது காலைப் பழக்கத்தில் நீட்டிவிடுவேன் என்பதால் மடக்கி, துண்டால் தொடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வாசலிலிருந்து கேட்வரை போனால் போதும் என்று கிளப்பினேன். இடது கையால் லீவரை இழுத்தேன். கியர் போட வேண்டும். கியருக்கும் இடது கைதான். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் குறுக்கே நீட்டிக் கியரைப் போட்டு, லீவரை விட்டேன். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? வண்டி தன் இஷ்டத்துக்குப் போய்ச் செம்பருத்திச் செடியைச் சாய்த்துவிட்டு நின்றது. நானும் லேத்துக்காரரும் இரண்டு நாளாக மாய்ந்து மாய்ந்து வேலை செய்தோமே, மனிதனுக்கு இடது கை ஒன்றுதான் என்பதை எங்கள் இரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் தலையில் கைவைத்துச் செடிப்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

நானும் சிரித்தேன். அப்புறம் இறங்கலாம் என்று பார்த்தால் இறங்க முடியவில்லை. காலைக் கட்டியிருப்பதை மறந்துவிட்டேன். நீங்கள் உயர்த்தி வைத்த உயரம் கிணறு மாதிரி கீழே தெரிந்தது. எங்கே பிடிப்பது, எதை முதலில் ஊன்றுவது என்று தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் துண்டை அவிழ்த்து, குதித்து இறங்கி, நடந்து வீட்டுக்குள் போனேன். உங்களுக்கு அவிழ்க்கத் துண்டு இல்லை. நீங்கள் ஏன் "ம்" சொல்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. முழுதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

வண்டியைத் தாழ்த்திவிடலாம், ஸ்பிரிங் கட்டைகளைக் கழற்றினால் அரைச் சாண் குறையும் என்று லேத்துக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். நீங்கள் ஆசையாக உயர்த்தியதை நான் இறக்க மாட்டேன். கதவுக்குக் கீழே அகலமாக ஒரு படி, கதவுத் தூணில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரண்டும் வைத்தாயிற்று. எனக்கு ஸ்டூல், உங்களுக்குப் படி. என் மாமியார் இருந்திருந்தால் சரியான கவனிப்பு என்று சொல்லியிருப்பார்.

பாரம் என்கிறீர்களே, நீங்கள் இல்லாத இந்த வீடு எனக்கு லேசாகவா இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

பதில் எதிர்பார்க்காமல் எதிர்பார்க்கும்,
உங்கள் வீட்டுக்காரி


சனி, மதியம்

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று நீங்கள் போனில் பேசியதை நினைத்து நினைத்து இன்று சாதத்துக்கு உப்புப் போட மறந்தேன். கியர்பாக்ஸ் பக்கத்து நட்டை எப்படிக் கழற்றினோம் என்று நான் சும்மா சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் "எந்த ஸ்பேனர் போட்ட?" என்றீர்கள். ஓப்பன் ஸ்பேனர் என்றேன். "அறிவிருக்கா, அந்த நட்டு மழுங்கிப்போகும், ரிங் ஸ்பேனர்தான் போடணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று கத்தினீர்கள். போனை வைத்துவிட்டுச் சின்னவளிடம் ஓடிப்போய், அப்பா என்னைத் திட்டினார்டீ என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எத்தனை மாதம் ஆயிற்று நீங்கள் என்னைத் திட்டி.

ஆனால் கடைசியில், புதன்கிழமை விடுகிறார்கள், அக்கா கார் அனுப்புகிறாள் என்று மறுபடி குரலை இறக்கிவிட்டீர்கள். அதனால்தான் இதை அவசரமாக எழுதி, அந்தப் பக்கம் போகும் பெரியவளின் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஒரு வாரத்தில் லேத்துக்காரர் செய்துவிட்டார். பழைய லீவரைத் தூக்கிப் போட்டோம். இப்போது கியர் கம்பியிலேயே, அதன் முன்னால், ஒரு பிடி இருக்கிறது. கியரையும் பிடியையும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினால் எண்ணெய் குழாய்வழியே போய்க் கிளட்ச்சைத் தள்ளும். அழுத்தியபடியே கியரை மாற்றிவிட்டு மெல்ல விட வேண்டியதுதான். வலது கை ஸ்டியரிங்கை விட்டு நகர வேண்டியதில்லை. ரோட்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டுமாம். அதற்கு நான் அலைகிறேன்.

ஒன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிடியை நீங்கள் பிடியுங்கள், கியரைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் போடுகிறேன் என்று. அப்படிச் செய்தால் வேலையும் சுலபம், நான் இல்லாமல் நீங்கள் எங்கேயும் போகவும் முடியாது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். அதனால் தனியாக ஓட்டுகிற மாதிரியே செய்யச் சொன்னேன். நீங்கள் என்னை விட்டுவிட்டுத் தனியாகவே மலைக்குப் போகலாம். போய்விட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வேலை பாக்கி. புதுக் குழாயில் காற்று இருக்கிறது. எண்ணெய் ஊற்றியும் பிடி பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ஏர் எடுக்க வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மேலே ஒருவர், கீழே ஒருவர். எத்தனை முறை நாம் எடுத்திருக்கிறோம். நான் சீட்டில், நீங்கள் வண்டிக்கு அடியில். "மிதி" என்பீர்கள். "பிடி" என்பீர்கள். திருகைத் திறந்து காற்றை விட்டு மூடிவிட்டு "விடு" என்பீர்கள். நாம் முகம் பார்க்காமல் இருந்த நாட்களில்கூட ஏர் எடுக்க வேண்டி வந்தால் இந்த மூன்று வார்த்தையைப் பேசித்தான் ஆக வேண்டும். காற்று முழுக்க வெளியேறும்போது எதற்குச் சண்டை போட்டோம் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

சின்னவள், நான் பிடிச்சுக்கறேன்மா என்று ஏறப்போனாள். வேண்டாம் என்றேன். லேத்துக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தன் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது, "ஐயா வந்ததும் சொல்லியனுப்புங்கம்மா" என்றார். 'வந்தால்' என்று அவர் சொல்லவில்லை.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். அடியில் கோணி விரித்தாயிற்று. இந்த முறை அடியில் படுப்பது நான். மேலே உட்கார்ந்து பிடியை அழுத்துவது நீங்கள். அதற்குக் கால் தேவையில்லை. கீழேயிருந்து நான் சொல்கிற நேரத்துக்கு அழுத்த வேண்டும், விட வேண்டும். நான் தப்பாகச் செய்தால் மேலேயிருந்து கத்தலாம்.

அக்கா வீட்டுக்கு விருந்தாளியாக ஒரு நாள் போவோம், இரண்டு பேருமாக. அவருக்கு நானே போன் செய்து சொல்லிக்கொள்கிறேன். புதன்கிழமை கார் பெரிய ரோட்டுக்கு வந்ததும் டிரைவர் எந்தப் பக்கம் என்று கேட்பார். நீங்கள் "ம்" சொன்னால் அவர் அக்கா வீட்டுக்குத்தான் போவார். தயவுசெய்து அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறந்து, நம் தெருவின் பெயரைச் சொல்லுங்கள்.

வழி பார்த்தபடி,
உங்கள் வீட்டுக்காரி