ரயிலுக்கு நீர், பஸ்ஸுக்கு நான்

இன்று காலை கிளிநொச்சி பஸ் நிலையத்தில் வவுனியா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வெளியில் நின்ற ஒரு பெட்டை ஜன்னலால் எறிந்த லேஞ்சி என் மடியில் விழுந்தது. முன் இருக்கையில் இடம் பிடிக்க எறிந்தது, குறி தப்பிவிட்டது. வெள்ளைக் கைக்குட்டை, நீலக் கரை, சவர்க்கார மணம். எடுத்து முன் இருக்கையில் போட்டுவிட்டேன். உம்முடைய ஞாபகம் வந்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது. உம்மை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

உருத்திரபுரத்திலிருந்து நீர் எப்போதும் எனக்கு முந்தி வந்துவிடுவீர். அக்கராயனிலிருந்து நான் வந்துசேரும்போது பஸ் நிறைந்திருக்கும். ஆனாலும் உமக்குப் பக்கத்தில் அந்த நீலக் கரை லேஞ்சி விரித்திருக்கும். எத்தனை பேர் முறைத்தாலும் அதை எடுக்க மாட்டீர். லேஞ்சி போட்ட இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். நான் வந்ததும் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, முதல் நாள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்குவீர்.

வவுனியாவில் ஒரே அலுவலகத்தில் நாங்கள் இருவரும் படவரைஞர்கள். வாய்க்காலும் மதகும் கீறிக்கொண்டிருந்த எங்களிடம் ஒருநாள் அலுவலகப் பெரியவர் ஒரு வேலை தந்தார். வவுனியா இப்படியே வளர்ந்தால் நாளைக்குச் சனம் எதில் போகும்? தெருவோடு ஓடும் சின்ன மின்ரயிலா, இல்லை பஸ்ஸுக்கென்று தனியாக விட்ட ஒழுங்கையா? இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரிப் படம் வேண்டும் என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீர் ரயிலை எடுத்துக்கொண்டீர். மிஞ்சிய பஸ் எனக்கு வந்தது. ஆனால் கீறக் கீற அதுதான் சரியென்று எனக்கே பட்டுவிட்டது. அதற்குப் பிறகு என்னை அசைக்க முடியவில்லை. உம்மையும்தான்.

"உம்மடை விரைவு பஸ் முறிகண்டியிலை நிக்குமோ, நிக்காதோ?" என்று ஒருநாள் கேட்டீர். பஸ் அப்போது, எந்த வண்டியும் நின்று கும்பிட்டுப் போகும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தப் போயிருந்தார். நீர் வாங்கிய கச்சான் கடலைச் சுருள் என் கையில் இருந்தது. நகரத்துக்குள் ஓடுகிற பஸ்ஸுக்கும் முறிகண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "ஓடுறது இந்தச் சாரதிமார்தானே. அவையளுக்கு ஒவ்வொரு சந்தியிலையும் ஒரு பிள்ளையார் இருக்கிறார்" என்றீர். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அலுவலகத்திலும் அப்படித்தான். நான் வீதியின் அகலத்தையும் செலவையும் எடுத்துச் சொல்லி முடித்தால், கடைசியில் நீர் ஒரு வசனம் சொல்லுவீர். பெரியவர் உம்முடைய பக்கம் திரும்பிவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

கனகராயன்குளம் தாண்டும்போது நடந்த கதையை மட்டும் நான் மறக்கவில்லை. நான் அன்று நல்ல சூட்டில் இருந்தேன். "சனம் போற இடத்துக்கெல்லாம் தண்டவாளம் கூட வருமே? இந்தச் சனம் எத்தினை தரம் இடம்பெயர்ந்தது. பஸ் எண்டால் பின்னாலை போகும். இருந்த தண்டவாளத்தையும் யுத்தத்துக்கை கழட்டிப் பதுங்கிற பங்கருக்குப் போட்ட ஊரிலை நிரந்தரம் எண்டு கதைக்காதையும்" என்றேன். நீர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினீர். பிறகு மெதுவாகச் சொன்னீர். "கழட்டினவைதான். ஆனாப் பாரும், தண்டவாளம் போய் பத்தை மண்டிக் கிடந்த காலத்திலையும், இதாலைதான் ரயில் ஓடினது எண்டு சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும். வராத ரயிலுக்கு நாங்கள் இடம் விட்டு வைச்சிருந்தனாங்கள்."

இந்த வசனம் ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் அன்று முழுவதும் என் யோசனை.

ஒருநாளாவது "நீர் சொல்லுறது சரி" என்று உம்முடைய வாயால் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. எங்கள் படங்கள் இரண்டும் இறாக்கைத் தட்டில் ஏறிவிட்டன, மின்ரயிலும் வரவில்லை, பஸ் ஒழுங்கையும் வரவில்லை. அதற்குப் பிறகும் எனக்கு அந்த ஆசை போகவில்லை.

பிறகு உமக்கு முதுகுவலி வந்தது. பஸ்ஸின் குலுக்கல் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். நீர் திரும்பப் போட்ட தண்டவாளத்தில் ஓடும் பெரிய ரயிலில் போகத் தொடங்கினீர். எனக்கு ரயில் நேரம் சரிவராது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில்தான் ஜெனிற்றா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, மாங்குளத்தில் அறை எடுத்திருந்தவள், ரயிலில் வருபவள். நீங்கள் இருவரும் காலையில் ஒன்றாக அலுவலகத்துக்குள் வருவீர்கள். வரும்போதே சிரிப்பு முகத்தில் இருக்கும். என்ன சிரிப்பென்று நான் கேட்டதில்லை. "அக்கா எனக்கு லேஞ்சி போட்டு இடம் பிடிச்சு வைப்பா" என்று அவள் ஒருநாள் என்னிடமே சொன்னாள். நான் அன்று மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ரயிலுக்கு வாதாடியவர் ரயிலோடு போய்விட்டீர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு ரயில்தான் பிடிக்கும், உமக்கும் ரயில்தான் பிடிக்கும், இனி நான் எதற்கு?

நீர் போய் ஒரு வருடம் ஆனபோது உருத்திரபுரத்தில் உம்முடைய ஆட்டத்திவசத்துக்குப் போனேன். இதயம் நின்று ஒரே நாளில் போய்விட்டீர் என்பதை உம்முடைய தங்கச்சி வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா. குசினிப் பக்கம் நானும் ஜெனிற்றாவும் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்காவோடை ரயிலிலை வாறது பெரிய கரைச்சல்" என்றாள் அவள். "எப்ப பாத்தாலும் பஸ்ஸுக்காகச் சண்டை பிடிப்பா."

"பஸ்ஸுக்கோ?"

"ஓம். நான் ரயில் நல்லது எண்டு சொன்னாப் போதும். சனம் போற இடத்துக்கெல்லாம் தண்டவாளம் கூட வருமே எண்டு கேப்பா. பஸ் எண்டால் பின்னாலை போகுமாம். என்னாலை மறுமொழி சொல்ல ஏலாது. அவா சொல்லுறது சரிதானே அக்கா."

என் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. அது என் வசனம். ஒரு சொல்லும் மாறவில்லை. நீர் அதைக் கொண்டுபோய், ஓடுகிற ரயிலில் இருந்துகொண்டு, இவளுக்கு எதிராக எடுத்துவிட்டிருக்கிறீர். நான் எத்தனையோ வருடம் காத்திருந்த அந்த 'சரி'யை நீர் என்னிடம் தராமல் இவளிடம் கொடுத்திருக்கிறீர். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் கூட வந்தது.

"உங்களோடை பஸ்ஸிலை என்ன கதைப்பா?" என்று அவள் கேட்டாள்.

"ரயிலைப் பற்றித்தான். ரயிலை விட்டால் வேறை கதை இல்லை."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. "எனக்கு ஒருநாளும் ரயில் நல்லது எண்டு சொன்னதில்லை" என்றாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பல நாள் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவளும் பஸ்ஸில்தான் வருகிறாள். நீர் இல்லாத ரயிலில் ஏற மனமில்லையாம். எவ்வளவு சுலபமாக அதைச் சொல்லிவிடுகிறாள், அதிலும் எனக்குப் பொறாமைதான். பிள்ளை இப்போது தனியாகப் பள்ளிக்கூடம் போகிறது, நான் முந்தி வந்து மாங்குளம் வரும்வரை பக்கத்து இருக்கையில் என் லேஞ்சியைப் போட்டு வைக்கிறேன். இன்றும் ஒருவர் வந்து, "ஆர் வருகினம்?" என்று கேட்டார். "வருவினம்" என்றேன். நான் நல்ல மனதோடு செய்கிறேன் என்று நினைத்துவிடாதையும். உம்முடைய பாதி அவளிடம் இருக்கிறது. அதைக் கறக்க அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அவள் ஏறியதும் பஸ் ஒழுங்கையைப் பற்றி ஏதாவது தொடங்குவாள். உம்முடைய குரல் அப்படியே வரும். நான் என்னையறியாமல் ரயில் பக்கம் நின்று மறுத்துப் பேசுவேன். முறிகண்டிப் பிள்ளையார் கதையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னும் சிலதையும் கொடுத்தேன். அவளும் ஒவ்வொன்றாகத் தருகிறாள். எல்லாவற்றையும் தருகிறாள் என்று நான் நம்பவில்லை.

இன்று கனகராயன்குளம் தாண்டியபோது அவள் கேட்டாள். "அக்கா ரயிலைப் பற்றி வேறை என்ன சொன்னவா?"

வராத ரயிலுக்கு விட்டு வைத்த இடத்தைப் பற்றிய அந்த வசனம் நாக்கு நுனிவரை வந்தது.

"வேறை ஒண்டுமில்லை" என்றேன்.