வளைவில் நிற்காத லேப்டாப்

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கள். நான் பல் டாக்டரிடம் போய்விட்டு வர மாலையாகும். அதற்குள் சம்பந்தியம்மா வந்தால், கடைக்காரர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த அந்த கேம் ஆடும் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அதன் கீபோர்டு கலர் கலராக மின்னுவதை அவர் பார்த்தால் நம் மரியாதை என்ன ஆவது?

நேற்று, "பேரன் எடுத்த வயசுல கார் ரேஸ் கேக்குதா?" என்று நான் கேட்டது தப்பில்லை. அதற்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்பதா? "நீயே ஒரு தடவை ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு" என்றீர்கள். காலையில் நீங்கள் நடக்கப் போனபோது ஓட்டிப் பார்த்தேன்.

குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன். உள்ளே விசிறி இரைகிறது, மடியில் வைத்தால் சுடுகிறது. ஆனால் கார் வழுக்கிக்கொண்டு போகிறது. எந்த வளைவிலும் படம் நிற்கவில்லை.

நம் பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு வளைவிலும் அப்படியே நின்றுவிடும். அது மறுபடி நகரும்வரை அன்றைய கதையெல்லாம் என்னிடம் சொல்வீர்கள். வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த நாளில் நாம் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டது அப்போது மட்டும்தான். இதில் அது இல்லை. வேறு பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: வளைவு வந்தால் நீங்களாகவே ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.